ஆளுக்கு ஒரு கூடை சூடு

எங்கள் பங்களாவில் அடுப்பின் சூடு குவியலாக விழத் தொடங்கியது மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை என்று பக்கத்து அறைச் செல்வக்கிளி சொல்வாள். அவள் தன் கல்யாணத் தேதியையே மாற்றிச் சொல்கிறவள், நம்ப வேண்டாம். அன்று விடிந்ததும் நான்தான் முதலில் கூடத்துக்கு வந்தேன். நடுவில் நிற்கும் இரும்பு அடுப்பில் சீகை விறகை அடுக்கி மூட்டிவிட்டு, வழக்கம்போல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விறகு நன்றாக எரிகிறது, இரும்பு காய்ந்து டிக் டிக்கென்று சத்தம் போடுகிறது, என் முதுகு மட்டும் குளிர்ந்தே கிடக்கிறது. திரும்பிப் பார்த்தால் அடுப்பின் வாய்க்கு முன்னால், முழங்கால் உயரத்துக்கு, சூடு தரையில் குவிந்து கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் கானலில் தெரிவதுபோல் லேசாக ஆடியது. கையை உள்ளே விட்டேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பதினொரு வருஷம் நின்று, பெண்கள் கொண்டுவந்து இறக்குகிற ஒவ்வொரு சாக்குக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தவள் நான். என் கைக்குத் தெரியாதது இல்லை. பதமான, புதிய சூடு. அள்ளினேன், அள்ளிய அளவு கையோடு வந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்கு மேலே, தோட்டத்தையும் ஃபேக்டரியையும் மூடிவிட்டு எல்லாரும் இறங்கிப் போன பிறகு, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரைகளை ஆடிக்காற்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக, போக்கிடம் இல்லாத ஐந்து குடும்பங்கள் துரை இருந்த பங்களாவுக்குள் மூட்டை முடிச்சோடு ஏறினோம். கண்டியிலிருந்து கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்குப் புதிதில்லை. பங்களாவில் அறை ஐந்து, அடுப்பு ஒன்று. துரை ஒற்றை ஆள், சூடு போகிற பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பான். எங்களுக்கு அது முடியுமா? சவரிமுத்து கதவைத் திறந்து வைத்தால் ராமையா வீட்டுச் சூடு அங்கே ஓடிவிடும், ராமையா பெண்டாட்டி செல்வக்கிளி கதவைச் சாத்தினால் தங்கையாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும், வாசற்படிகளுக்கு மேலிருந்த காற்றுச் சந்துகளில் யார் துணி அடைத்தது, யார் பிடுங்கியது என்று ஒன்பது வருஷம் சண்டை போட்டோம். அதிலும் வடக்கு அறை பாவப்பட்டது. துரை குதிரைச் சேணம் வைத்திருந்த அறை அது. வெயில் எட்டிப் பார்க்காது. அடுப்பின் சூடு இரண்டு வாசலும் ஒரு நடையும் கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். கடைசியாக வந்ததால் அந்த அறை என் தம்பி ஜெயராசுக்கும் அவன் பெண்டாட்டி புஷ்பராணிக்கும் வாய்த்தது.

புஷ்பராணி மலைக்காரி இல்லை, கீழே அன்னூர்ப் பக்கம். அவள் வீட்டார் பஞ்சுக் கிடங்கில் பொதி மிதிக்கிற வேலை செய்கிறவர்கள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் வடக்கு அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பற்றவைத்துத் தனிச்சமையல் என்றாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை நான் சோறு போட்டு வளர்த்தவள். அதற்குப் பிறகு அவளிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழாம் மாதத்தில் ஒன்றும் எட்டாம் மாதத்தில் ஒன்றுமாக அந்த அறையிலிருந்து இரண்டு சின்னத் துணிப்பொட்டலங்கள் போயின. அப்போதும் நான் பெரிதாகப் பேசவில்லை. சூடு குவியலாக விழுந்த அந்த மார்கழியில் அவளுக்கு மூன்றாவது முறையாக ஆறு மாதம்.

குவியலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். தங்கையா குனிந்து முகர்ந்து பார்த்து, "சீகப் பொகை வாசந்தான் அடிக்குது, வேற ஒண்ணும் இல்ல," என்றார். ஆச்சரியம் அரைக் காலைப்பொழுதுகூட நீடிக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் பேச்சு பங்குக்கு வந்துவிட்டது, வந்ததும் எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது, ஏனென்றால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் என்று எனக்குப் பேர். ஆளுக்கு ஒரு கூடை, காலையில் ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று என்று சொன்னேன். வீட்டில் பத்துப் பேர், பத்துக் கூடை. கொழுந்துக் கூடைகள் பரணில் சும்மாதான் கிடந்தன, இறக்கித் தூசி தட்டினோம்.

இப்படித்தான் நாங்கள் சூட்டைக் கொழுந்தாக நடத்தத் தொடங்கினோம். எங்கள் கைகளுக்கு வேறு என்ன தெரியும்? கொழுந்தை அமுக்கக் கூடாது. அமுக்கினால் புழுங்கும், புழுங்கினால் சிவக்கும், சிவந்த கொழுந்தை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். அதனால் சூட்டையும் அமுக்காமல் பூப்போல் கூடையில் விட்டு, விளிம்பு தட்டி, அறைக்குக் கொண்டுபோய்ப் பாயில் ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரத்தி, மூச்சு விடட்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, இடையில் இரண்டு முறை விரல்களால் புரட்டிவிட்டோம். அறைகள் வெதுவெதுவென்று இருந்தன. அதற்கு மேல் ஒரு வீடு சூடாக இருக்கலாம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

ஊரும் பழகிக்கொண்டது. தபால்காரர் காகிதம் கொடுக்க வந்தால் குவியலில் கைவிட்டு நனைத்துக்கொண்டு போவார். செல்வக்கிளியின் சின்ன மகள் ஒரு கூடையைப் படிக்கட்டில் கொட்டிவிட, சுற்றுவட்டாரத்துப் பூனையெல்லாம் அந்தப் படிகளில் மூன்று நாள் படுத்துக் கிடந்தது. மாரியம்மன் கோயில் தருமகர்த்தா வந்து, ஆத்தாளுக்கு ஒரு பங்கு வேண்டாமா என்று கேட்டார். ஒரு கை அள்ளிக் கொடுத்தேன், பனியில் எப்போதும் ஈரமாக ஒட்டிக்கிடக்கும் ஆத்தாளின் சேலை அந்த வாரம் மொரமொரவென்று காய்ந்தது. கிறிஸ்துமஸ் காலையில் சவரிமுத்து ஒரு டிபன் கேரியரில் சூடு நிரப்பிக்கொண்டு சர்ச்சுக்கு நடந்து போனார். திருப்பூரில் இருக்கும் மகளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பலாமா என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி கேட்டாள். திருப்பூரில் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று நான் திட்டி அனுப்பினேன். ஒரு நாள் சர்க்கார் ஜீப்பில் ஒருவர் வந்தார், குவியலுக்குள் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தார், எழுதிக்கொண்டார், டீ குடித்தார், வாசலில் நிற்கிற மரம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மாலை, கூடை அளந்துகொண்டிருந்தபோது புஷ்பராணி வரிசையில் இரண்டு கூடையோடு வந்து நின்றாள். தம்பி மேட்டுப்பாளையத்தில் லாரி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அவன் பங்கை அவன் வருகிற அன்று மட்டும்தான் கொடுப்பது வழக்கம்.

"ரெண்டாவது யாருக்கு?" என்று கேட்டேன்.

"வயித்துல இருக்கறதுக்குங்க அண்ணி."

"பொறக்காததுக்கு ஏதும்மா பங்கு? பொறக்கட்டும், குடுக்கறேன்."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு நீங்கதானுங்க எப்பவும் சொல்வீங்க," என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விளிம்பு தட்டி ஒரு கூடை கொடுத்தேன். நியாயம் என்றுதான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த ஸ்டவ் பற்றவைத்த கோபமும் அதில் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஏழரை மாதத்தில் அவளுக்கு வலி கண்டது. ஜீப்பில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்து, ஒன்றே முக்கால் கிலோ ஆனதும், பால் குடிக்கிறது, தேறிவிடும், ஆனால் குளிர் மட்டும் பிள்ளையைத் தொடக் கூடாது என்று பெரிய டாக்டரம்மா மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். புஷ்பராணி பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வடக்கு அறைக்குள் போனாள். அன்று மாலையே பிள்ளைக்கென்று ஒரு கூடை அளந்து வைத்தேன். சொன்ன சொல் தவற மாட்டேன்.

அந்த வருஷம் உறைபனி தை முடிந்தும் விடவில்லை. புல்லெல்லாம் வெள்ளை, தேயிலைச் செடிகளெல்லாம் கருகல். பிள்ளை வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பெரிய கற்பூர மரம் ஒன்று விழுந்து ரோட்டை அடைத்தது. பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை, தம்பி கீழே மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டான், மரத்தைத் தாண்டி நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு மைல், பனிமூட்டத்தில் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடி வைக்க முடியாது. ஐந்தாம் நாள் மத்தியானம் புஷ்பராணி கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, புள்ள காலு ஐஸா இருக்குங்க. காலைல இருந்து பால் குடிக்கல. சப்புது, விட்டுருது."

போய்த் தொட்டுப் பார்த்தேன். என் கைக்குத் தெரியாதது இல்லை என்றேனே, அந்தக் கை அப்போது பயந்தது. முன்னால் போன இரண்டையும் நான் தொட்டதில்லை, ஆனாலும் அவை இப்படித்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நான் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். சவரிமுத்துவும் அவர் மனைவி அற்புதமும் தங்கள் அறையில் பரத்தியிருந்ததையெல்லாம் வாரிக் கூட்டிக் கூடையில் கொண்டுவந்தார்கள். செல்வக்கிளி தன் இரண்டு பெண்களின் பங்கையும் ராமையாவின் பங்கையும் சேர்த்து வைத்துவிட்டு, "எங்களுக்கு மேலுக்குப் போத்திக்க இருக்கு யோகக்கா," என்றாள். கடைசியாகத் தங்கையா வந்தார். நெஞ்சு இழுப்புக்காரர், எழுபது தாண்டியவர், தனி ஆள்.

"நீங்க வேணாம் மாமா, ஒங்களுக்கு முடியாது," என்றேன்.

"எனக்கு இழுப்பு வந்தா எந்திரிச்சு உக்காந்துக்குவேன். அதுக்கு உக்காரத் தெரியாதே," என்று சொல்லிக் கூடையை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அவ்வளவு சூடும் வடக்கு அறைக்குப் போனது. போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பரத்தினேன். தரையெல்லாம், கட்டிலெல்லாம், ஒரு சாண் கனத்துக்கு, புரட்டிப் புரட்டிப் பரத்தினேன், காற்றுச் சந்திலிருந்த துணியைப் பிடுங்கினேன், செல்வக்கிளி ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்தாள், அற்புதம் விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தாள், தோட்டத்துப் பெண்கள் மூன்று பேரும் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தச் சூடு வாடியது. அறை வெதுவெதுவென்று இருந்தது. பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

புஷ்பராணி கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத ஏனுங்க இப்பிடிப் பரத்தறீங்க?" என்று கேட்டாள்.

"பரத்தலன்னா செவந்து போகும்மா."

"செவந்தா என்னங்க?"

பதினொரு வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "செவந்தா ஃபேக்டரில எடுக்க மாட்டாங்க," என்றேன்.

"எந்த ஃபேக்டரிங்க அண்ணி?"

 ஃபேக்டரி மூடி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதன் கூரைத் தகரத்தில் பாதி எங்கள் மாட்டுக் கொட்டகையின் மேல் கிடந்தது.

அவள் பிள்ளையை அற்புதத்தின் மடியில் வைத்துவிட்டு இறங்கி, மூலையில் கிடந்த பெரிய கொழுந்துச் சாக்கை உதறி, தரையில் கிடந்த சூட்டை இரண்டு கையாலும் வாரி வாரி உள்ளே திணித்து, திணித்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்குக்குள் ஏறி மிதிக்க ஆரம்பித்தாள். அவள் ஊரில் பஞ்சுப் பொதியை அப்படித்தான் மிதிப்பார்கள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. "மிதிக்காத! மிதிக்காதடி!" என்று செல்வக்கிளி கத்தினாள். சாக்கில் ஒருத்தி கால் வைத்தால் அன்றைய கூலியைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியவள் நான். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தபோதுதான் அவள் கெண்டைக்காலில் ரத்தம் வழிவதைப் பார்த்தேன். பெற்று ஒரு மாதம் ஆகாத உடம்பு. பிடித்து வெளியே இழுத்தேன். தடுக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து அவள் என் முகத்தில் அறைந்தாள், இரண்டு முறை. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது அவள் இடத்தில் நான் சாக்குக்குள் இருந்தேன்.

மிதித்தேன். இந்தக் காலுக்கு அந்த வேலை தெரியாது, ஆனாலும் மிதித்தேன். முதலில் கால் விரல்கள் கூசின, பிறகு உள்ளங்கால் காந்தியது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. சவரிமுத்துவும் ராமையாவும் சாக்கின் வாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தார்கள், கத்திக்கொண்டிருந்த செல்வக்கிளி கத்தியபடியே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மூலைமுடுக்கில் ஒட்டியிருந்த சூட்டையெல்லாம் விளக்குமாற்றால் கூட்டி என் காலடியில் போட்டாள், நான் மிதித்தேன், அது இறங்கியது, போட்டார்கள், மிதித்தேன், இறங்கியது. எங்கள் கண் முன்னால் அது சிவந்தது. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சூடு அப்போதுதான் தெரிந்தது; பால் ஊற்றாத நல்ல சாயத் தேநீரின் நிறம். கூடை கூடையாகக் கொட்டியது கடைசியில் ஒரு தலையணை அளவுக்கு வந்து நின்றது. அதைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

நாலு மணி ஆனது, நாலரை ஆனது. யாரும் அறையை விட்டுப் போகவில்லை. புஷ்பராணி பிள்ளையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஐந்து மணிக்குப் பிள்ளை முகம் சுளித்தது, சிணுங்கியது, மார்பைத் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை ஐந்து குடும்பமும் நின்று கேட்டது. சவரிமுத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டார். என் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்ததை அற்புதம் சொல்லித்தான் பார்த்தேன்.

மறுநாள் அடுப்பில் குவியல் விழவில்லை. விறகு எரிந்தது, தண்ணீர் கொதித்தது, சோறு வெந்தது, அதற்கு மேல் அடுப்பிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த வருஷத்துக்கு வீட்டுக்கு விதித்த சூடு அவ்வளவும் அந்தச் சாக்கில் இருந்ததோ என்னவோ. அதைப் பிரிக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடியாது; ஒரு முறை கத்தியை வைத்துப் பார்த்தேன், கத்திதான் வளைந்தது. மாசி பாதிவரை எல்லாரும் வடக்கு அறையில்தான் கிடந்தோம், சேணம் மாட்டிய ஆணிகளில் துணி காயப் போட்டுக்கொண்டு, ஒருவர் முழங்கால் ஒருவர் முதுகில் இடிக்க. தங்கையா மட்டும் வரவில்லை. தன் இருமலில் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று தன் அறையிலேயே இருந்தார். எவ்வளவோ கூப்பிட்டோம். மாசி எட்டாம் தேதி காலையில் செல்வக்கிளி டீ கொண்டுபோனபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். அவர் கூடையை வாங்கியது என் கைதான். கொடுத்தவர் மனசாரக் கொடுத்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாசிக் கடைசியில் வெயில் வந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஒரு காலை எல்லாரையும் கூடையோடு கூடத்துக்கு வரச் சொன்னேன். பழைய வரிசையிலேயே வந்து நின்றார்கள், தங்கையா நிற்கிற இடத்தை விட்டு நின்றார்கள். நான் சாக்கைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். சில்லென்றிருந்தது. அடிவரை துழாவினேன், தையல் மூலைவரை துழாவினேன், ஒரு பிடிகூட இல்லை, முழுவதும் பிள்ளைக்குள் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் வரிசையின் முன்னால் வெறுங்கையோடு நான் நின்றது அன்றுதான்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். 

"அப்ப புள்ளயக் குடுங்க," என்றாள் செல்வக்கிளி. "அதத் தூக்கிக்கறோம். அதுதானே எங்க பங்கு?"

புஷ்பராணி உள்ளே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஒரு கூடை நிரம்புகிற நேரம் ஆளுக்கு, அதற்கு மேல் இல்லை என்று சொன்னேன், பழக்கம் விடுமா? அற்புதம் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். சவரிமுத்து பிள்ளையின் உள்ளங்கையில் தன் மூக்கை வைத்து, "எம்மாடி, சுடுது," என்றார். செல்வக்கிளி, ராமையா, இரண்டு பெண்கள், எல்லாருக்கும் நேரம் பார்த்து வாங்கி வாங்கிக் கொடுத்தேன். துணியோடுதான் வாங்கினேன், துணியோடுதான் கொடுத்தேன். அளக்கிறவள் கடைசியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பிள்ளையை அதுவரை மடியில் வைத்ததில்லை. அவள் கொடுக்கவில்லை, நான் கேட்கவில்லை, பங்கு இல்லை என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

கடைசியில் புஷ்பராணி தானே துணியை விலக்கி, வெற்றுடம்பாகப் பிள்ளையை என் கைகளில் வைத்தாள். "பிடிங்க அண்ணி, தலையத் தாங்கிக்கங்க," என்றாள்.

அப்படி ஒரு சூடு. கழுத்தில் வைத்துக்கொண்டேன். அது என் காதுக்குக் கீழே மூச்சு விட்டது, காலை நீட்டி என் விலாவில் உதைத்தது. ஒரு கூடை நேரம் ஆனது. எனக்குத் தெரிந்தது, அளந்து பழகிய உடம்புக்கு அது தெரியாமல் போகாது. இரண்டு கூடை நேரமும் ஆனது. நான் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.